ஒரே லூப், 90 நிமிடம்: மூன்று டர்ன்டேபிளில் டெக்னோ தட்டு போட்ட அனுபவம்

ஈசிஆர் பக்கம் ஒரு சின்ன இடத்தில் போன வாரம் 90 நிமிட டிஜே செட் ஒன்று போட்டேன். முழுக்க வினைல் தட்டுகள், முழுக்க லூப் டெக்னோ: ஒரு சின்ன இசைத் துண்டே (லூப்) திரும்பத் திரும்ப ஒலிக்கும் மின்னணு நடன இசை. குரல் கிடையாது, சொல்லிக்கொள்ளும்படி மெட்டும் கிடையாது. பெரும்பாலான தட்டுகளில் முதல் நிமிடத்தில் கேட்பதுதான் ஐந்தாம் நிமிடத்திலும் இருக்கும். அப்படிப்பட்ட தட்டுகளை வைத்துக்கொண்டே ஒரு கூட்டத்தைக் கலையாமல் ஆட வைக்க முடியும் என்பது அன்றைக்குத்தான் கைக்குப் பிடிபட்டது. அதற்கு முன்னால் வீட்டில் மாதக்கணக்கில் செய்து பார்த்தது, ஒதுக்கியது, வாங்கியது, அளந்தது எல்லாவற்றையும் நடந்த வரிசையிலேயே எழுதி வைக்கிறேன். இதே வழியில் இறங்குகிறவர்களுக்குக் கொஞ்சம் பணமாவது மிச்சமாகும்.

முதலில் சாமான்கள். பழைய டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 டர்ன்டேபிள் இரண்டு, சேர்த்து ரூ.1,15,000 ஆயிற்று. மூன்றாவது வேறு கம்பெனியின் மலிவான டைரக்ட் டிரைவ், ரூ.24,000. மிக்ஸர் நாலு சேனல், ஆனால் இரண்டில்தான் டர்ன்டேபிளை நேரடியாக மாட்டும் ஃபோனோ உள்ளீடு இருக்கிறது. மூன்றாவதுக்காக ரிச்சி தெருவில் ஒரு ஃபோனோ ப்ரீஆம்ப் ரூ.1,400-க்கு வாங்கினேன். ஊசி மூன்றிலும் ஆர்டோஃபான் கான்கார்ட், அழுத்தம் 3.5 கிராம். அதை அளக்கும் குட்டித் தராசு ரூ.600. தட்டுகள் எல்லாம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியவை. தபால் செலவும் சுங்கமும் சேர்ந்தால் ஒரு 12 அங்குலத் தட்டு ரூ.2,000-க்குக் குறைந்து என் வீட்டுக்கு வந்ததே இல்லை. சலித்துப்போனால் புதிது வாங்கிக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. இருக்கிற அறுபது சொச்சம் தட்டுக்குள்ளேயே வழி தேட வேண்டும்.

எங்கே சலிக்கிறது?

வீட்டில் ஒரு மணி நேரம் போட்டதை மிக்ஸரிலிருந்து லேப்டாப்பில் பதிந்து, மறுநாள் தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் போகும்போது ஹெட்போனில் கேட்பது வழக்கமாயிற்று. கையில் ஒரு சின்ன நோட்டு. மனசு எந்த நிமிடத்தில் இசையை விட்டு ஜன்னலுக்கு வெளியே போகிறதோ, அந்த நிமிடத்தைக் குறித்துக்கொள்வேன். வேறெதுவும் எழுத மாட்டேன்.

நாலைந்து பதிவுகளுக்கான குறிப்புகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தபோது நான் எதிர்பார்க்காத ஒன்று தெரிந்தது. எந்தத் தட்டு அதிகமாகத் திரும்பத் திரும்ப ஒலிக்கிறதோ அங்கே மனசு விலகவில்லை. இரண்டு தட்டுகள் சேர்ந்து ஓடும்வரை அது எங்கேயும் போகவில்லை. கலவை முடிந்து, பழையது இறங்கி, புதியது தனியாக நின்ற இரண்டாவது நிமிடத்தில்தான் போனது. இன்னொரு வகைக் குறியும் இருந்தது: பத்து வினாடிக்குள் மூன்று நாலு மாற்றம் செய்த இடங்கள். அங்கே காது எதையும் பிடித்துக்கொள்ளாமல் நழுவிவிடுகிறது.

இதைப் பார்த்த பிறகு இந்தத் தட்டுகளை வேறு மாதிரிப் புரிந்துகொண்டேன். தனியாகக் கேட்பதற்கென்று இவற்றைச் செய்யவில்லை. இன்னொன்று வந்து உட்கார இடம் விட்டே செய்திருக்கிறார்கள். டெட்ராய்ட்டின் டெக்னோ டிஜே ஜெஃப் மில்ஸ் 1995-இல் டோக்கியோவின் லிக்விட் ரூம் கிளப்பில் மூன்று டர்ன்டேபிளில் போட்ட செட் சிடியாக வந்திருக்கிறது. அதில் சில தட்டுகள் இரண்டு நிமிடம்கூட நிற்பதில்லை. அவர் வேகம் எனக்கு வராது, எனக்கு அது வேண்டியதும் இல்லை. ஆனால் ஒரு தட்டு தனியாக நிற்கும் நேரம் அங்கே எவ்வளவு குறைவு என்பதை ஸ்டாப்வாட்ச் வைத்துக் கேட்டால் தெரியும்.

எஃபெக்ட்ஸ் பெட்டி

அடுத்து செய்து பார்த்தது எக்கோ, ரிவர்ப், ஃபில்டர். ஒரு எஃபெக்ட்ஸ் பெட்டியை ரூ.13,000-க்கு வாங்கி மிக்ஸரில் மாட்டினேன். போடும்போது கைக்கு நிறைய வேலை, அதனால் ஏதோ நடப்பது போலவே இருக்கும். ரயிலில் கேட்டால் எல்லா எக்கோவும் ஒரே எக்கோ. எந்தத் தட்டின் மேல் போட்டாலும் அந்தப் பெட்டியின் நிறம்தான் கேட்கிறது. தட்டுக்குத் தட்டு இருந்த நுணுக்கமான வித்தியாசம் அடிபட்டுப் போகிறது. லூப் டெக்னோவில் ஹை-ஹாட்டின் (சின்னச் சிம்பலின்) கரகரப்பு, கிக்கின் (அடி டிரம்மின்) வால் எவ்வளவு நீளம், பின்னால் கேட்கும் இரைச்சல் எந்த மாதிரி என்பவைதான் சொத்து. அவற்றின் மேலேயே போர்வை போட்டால் மிஞ்சுவது என்ன? பெட்டியைக் கழற்றி பீரோ மேல் வைத்தேன். மிக்ஸரில் லோ, மிட், ஹை (அடி, நடு, உச்ச ஒலி) என்று இருக்கும் மூன்று ஈக்யூ குமிழும், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரும் மட்டும் போதும் என்று அங்கிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.

தட்டுகளைப் பிரித்தது

அதுவரை பிபிஎம் (நிமிடத்துக்கு எத்தனை பீட்) வரிசையில் அடுக்கியிருந்தேன். அதைக் கலைத்துவிட்டு, தட்டு என்ன வேலை செய்கிறது என்பதை வைத்துப் பிரித்தேன். கிக்கும் பேஸும் உறுதியாக இருந்து நீண்ட நேரம் தாங்கக்கூடியவை ஒரு பக்கம்: இவை ‘தரை’. அடி மெலிந்து, ஹை-ஹாட்டும் தாள வாத்தியங்களும் நிறைந்தவை ‘மேல்’. ஒரே ஒரு ஒலி, ஒரு சங்கு மாதிரியோ உலோகத் தட்டல் மாதிரியோ விட்டு விட்டு வருபவை ‘குரல்’. உறை மூலையில் மூன்று நிறத்தில் ஸ்டிக்கர்.

ஒவ்வொரு உறைக்குள்ளும் ஒரு அட்டை வைத்தேன். அதில் பிட்ச் (தட்டு சுழலும் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது) பூஜ்யத்தில் இருக்கும்போது பிபிஎம், கிக் நிற்கும் இடங்கள், அந்த லூப் எத்தனை பாரில் (நாலு பீட் ஒரு பார்) முழுசாகத் திரும்புகிறது என்ற மூன்று விவரம். கடைசி விவரம்தான் பொன். மூன்று பாரில் திரும்பும் ஒரு லூப்பையும் நாலு பாரில் திரும்பும் இன்னொன்றையும் சேர்த்தால், அந்தக் கூட்டு 12 பாருக்கு ஒருமுறைதான் தன்னைத்தானே திரும்பச் சொல்லும். 132 பிபிஎம்மில் அது ஏறக்குறைய 22 வினாடி. இரண்டு அசையாத தட்டுகள் சேர்ந்து 22 வினாடி நீளமுள்ள ஒரு புதுச் சொற்கட்டைக் கொடுக்கின்றன. நான் எதையும் தொட வேண்டியதில்லை.

அட்டையில் பிற்பாடு சேர்த்த இன்னொரு வரி சுருதி. மெட்டு இல்லாவிட்டாலும் ‘குரல்’ தட்டுகளுக்கும் சில கிக்குகளுக்கும் சுருதி உண்டு. பிட்ச் ஏறக்குறைய ஆறு சதவீதம் ஏற்றினால் ஒரு அரைச்சுரம் ஏறிவிடும். ஒன்றை மூன்று சதவீதம் ஏற்றி, மற்றதை மூன்று சதவீதம் இறக்கி வேகத்தைப் பொருத்தினால் வீட்டில் சேர்ந்திருந்த சுருதி மேடையில் பிரிந்துவிடும். நம் ஊர்க் காது இதை உடனே கண்டுபிடிக்கும். அதனால் செட் முழுக்க 132-ஐ ஒட்டியே வைத்தேன். எம்கே2-வில் பிட்ச் ஃபேடரின் நடுவில் ஒரு பிடிப்பு உண்டு. பழைய மெஷினில் அதற்குப் பக்கத்தில் நுணுக்கமாக நகர்த்த வராது. 132-க்குப் போட்டால் பூஜ்யத்தில் நிற்கும் தட்டுகளை எல்லாம் ஒதுக்கி, +1.5-க்கு மேலே வருபவற்றையே முதலில் எடுத்துக்கொண்டேன்.

ஆதி தாளத்தில் எண்ணியது

மிருதங்கம் கற்றுக்கொண்டிருக்கும் நண்பன் ஒருநாள் வீட்டில் உட்கார்ந்து கேட்டான். கொஞ்ச நேரம் கழித்து, “மச்சான், நீ மாத்தறது எல்லாம் நல்லாத்தான்டா இருக்கு. ஆனா எடுப்பே இல்லையே, நினைச்ச இடத்துல மாத்தற” என்றான். எடுப்பு என்றால் தாளத்தில் ஆரம்பிக்கும் இடம். அவன் சொன்னது சரி. நான் பார்களை மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். ஹெட்போனில் அடுத்த தட்டைத் தேடும்போது எண்ணிக்கை கலைந்துவிடும்.

அவன் சொல்லித்தான் இடது கையில் தொடையின் மேல் ஆதி தாளம் போட ஆரம்பித்தேன். கையால் ஒரு தட்டு, மூன்று விரல், தட்டு-வீச்சு, தட்டு-வீச்சு. எட்டு பீட், அதாவது இரண்டு பார், ஒரு ஆவர்த்தனம். 132 பிபிஎம்மில் 3.6 வினாடிக்குக் கொஞ்சம் மேலே. டெக்னோத் தட்டுகளில் மாற்றம் பெரும்பாலும் 16 அல்லது 32 பாருக்கு ஒருமுறை வரும். எட்டு ஆவர்த்தனம் அல்லது பதினாறு. தாளத்தைக் கை பார்த்துக்கொள்வதால் காது இரண்டும் தட்டுகளுக்கே மிச்சம். குமிழைத் திருப்ப இடது கை வேண்டியிருந்தால் காலால் போடுவேன். பரிகாரம் என்று பார்த்தால் காசே செலவாகாதது இது ஒன்றுதான், பலன் அதிகம் கொடுத்ததும் இதுதான். அதற்குப் பிந்தைய பதிவுகளில் மனசு விலகிய குறிகள் பாதிக்கும் கீழே வந்தன.

கலவை, நெருங்கிப் பார்த்தால்

இரண்டு கிக்கும் ஒன்றாக ஓடக்கூடாது என்பது எல்லோரும் சொல்வதுதான். ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்த்ததும்தான் என் கை அதை ஒழுங்காகக் கேட்டது. கிக்கின் அடி ஒலி 50 ஹெர்ட்ஸ் பக்கம் என்று வைத்துக்கொண்டால், ஒரு அலை முடிய 20 மில்லிவினாடி. இரண்டு தட்டுக்கும் நடுவில் 10 மில்லிவினாடி விலகல் வந்தால் ஒன்றின் மேடும் மற்றதன் பள்ளமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடியே காணாமல் போகும். கச்சிதமாகப் பொருந்தினால் 6 டெசிபல் வரை ஏறிவிடும். பிட்ச் 0.1 சதவீதம் பிசகினாலே ஒரு நிமிடத்தில் 60 மில்லிவினாடி நகர்ந்துவிடுகிற தட்டுகளை மூன்று நிமிடம் கையால் கட்டி மேய்க்கும்போது, பேஸ் இரண்டையும் திறந்து வைத்தால் தரை ஏறி இறங்கி ஆடிக்கொண்டே இருக்கும். மேல் ஒலிகளில் 20 மில்லிவினாடி விலகல் வந்தாலும் தட்டின் ஓரத்தில் விரலை வைத்தோ, நடுவிலுள்ள தண்டை லேசாகத் திருகியோ சரி செய்வதற்குள் யாருக்கும் தெரியாது.

இப்போது நான் செய்கிற கலவை ஒன்றை ஆவர்த்தனக் கணக்கில் சொல்கிறேன். ‘தரை’ ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. ‘மேல்’ ஒன்றை எடுப்பில் விடுகிறேன்: லோ முழுக்க மூடி, மிட் பாதிக்குக் கீழே, ஹை நடுவில், ஃபேடர் மெதுவாக மூன்றில் ஒரு பங்கு. இரண்டாவது ஆவர்த்தனத்துக்குள் அது காதில் உட்கார்ந்துவிடும். அப்புறம் பதினாறு ஆவர்த்தனம், கிட்டத்தட்ட ஒரு நிமிடம், எதையும் தொடுவதில்லை. பழகுவதற்கு ரொம்பக் கஷ்டமானது இந்த ஒரு நிமிடம்தான்; கை எதையாவது திருகச் சொல்லும். காது அந்த ஒரு நிமிடத்தில் புதிய கூட்டைப் பழகிக்கொள்கிறது. பழகியதைத்தான் பிறகு மாற்ற முடியும்.

அடுத்த எட்டு ஆவர்த்தனத்தில் பழைய தட்டின் ஹை குமிழைக் கடிகார முள் மாதிரி அவ்வளவு மெதுவாக இறக்குகிறேன். ஹை-ஹாட் ஒரு தட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறிவிட்டது; மாறியதே தெரியாது. பிறகு எட்டாவது ஆவர்த்தனத்தின் கடைசி நாலு பீட்டில், அதாவது இரண்டு தட்டு-வீச்சு போடும் இடத்தில், பழையதன் லோவை மூடுகிறேன். நாலு பீட் அடி இல்லை. சமத்தில், அதாவது அடுத்த ஆவர்த்தனத்தின் முதல் பீட்டில், மறுபடி திறக்கிறேன்.

இங்கே கவனியுங்கள்: திறப்பது புதியதன் லோவை அல்ல, பழையதன் லோவையே. முன்னெல்லாம் ஒரு தட்டு உள்ளே வந்தால் அது பழையதை வெளியேற்றியே ஆக வேண்டும் என்று வைத்திருந்தேன். இப்போது பாதிக் கலவைகளில் வந்த தட்டு இரண்டு மூன்று நிமிடம் இருந்துவிட்டுப் போய்விடுகிறது. தரை அப்படியே நிற்கிறது. ‘மேல்’ தட்டை ஒரு சமத்தில் பட்டென்று எடுத்தால், அடியில் ஐந்து நிமிடமாக ஓடிக்கொண்டிருந்த அதே லூப் அப்போதுதான் புதிதாக ஆரம்பித்த மாதிரி கேட்கும். அதில் இதுவரை கவனிக்காத ஏதோ ஒரு சின்ன ஒலி மேலே வரும். சாதம் அதேதான், தொட்டுக்கொள்வது மாறினால் சாப்பாடே மாறிவிடுகிறது. லூப்பை மாற்ற வேண்டாம், அதன் கூட்டாளியை மாற்றினால் போதும் என்று புரிந்த பிறகு என் தட்டுகளில் ஒன்றுகூட எனக்குச் சலிக்கவில்லை.

கிக் நிற்கும் இடங்களை முன்கூட்டியே அறிய அட்டை உதவும். அவசரத்துக்குத் தட்டையே படிக்கலாம். டார்ச்சைச் சாய்வாகப் பிடித்தால் கிக் இருக்கும் பகுதியும் இல்லாத பகுதியும் வேறு வேறு பளபளப்பில் வளையமாகத் தெரியும். தட்டு தானாகவே கிக்கை நிறுத்தும் இடத்தில் இன்னொன்றின் லோ திறந்திருந்தால், கேட்பவருக்கு ஒன்றும் நிற்காது. ஆனால் நிறம் மாறிவிடும்.

முடியாத பள்ளம்

மூன்றாவது டர்ன்டேபிள் வாங்கியது லாக் க்ரூவுக்காக. சில டெக்னோத் தட்டுகளில் ஊசி உள்நோக்கி நகராமல் ஒரே வட்டத்திலேயே சுற்றும்படி பள்ளத்தை மூடியிருப்பார்கள். ஜெஃப் மில்ஸ் 1994-இல் இதை ஒரு தட்டின் ஒரு பக்கம் முழுக்க வரிசையாகச் செய்தார். நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் ஒரு சுற்றுக்கு 1.8 வினாடி. அதற்குள் நாலு பீட் வைத்தால் 133.33 பிபிஎம். டெக்னோவின் வேகத்துக்கும் தட்டின் சுற்றுக்கும் இப்படியொரு பொருத்தம் இருப்பதை முதலில் கணக்குப் போட்டுப் பார்த்த அன்று நெடுநேரம் தூக்கம் வரவில்லை.

என் 132-க்கு அந்த லூப்பை −1 சதவீதத்தில் வைத்தால் பொருந்திவிடும். ஒரு ஹை-ஹாட் லாக் க்ரூவை மூன்றாவது சேனலில் ஓடவிட்டு, மற்ற இரண்டில் தட்டு மாற்றிக்கொண்டே போகலாம், அவசரமே இல்லை.

அடுத்து, அதே பள்ளத்தை 45 சுற்று வேகத்தில் போட்டுப் பார்த்தேன். 133.33 இப்போது 180 ஆகும். பிட்சை −2.2 சதவீதம் இறக்கினால் 176. 176 என்பது 132-க்குச் சரியாக மூன்றுக்கு நாலு. தரையில் மூன்று பீட் போகிற நேரத்தில் மேலே நாலு அடி விழும். லூப் மூன்று பீட் நீளம் என்பதால் எட்டு பீட் ஆவர்த்தனத்தோடு சேராமல் நழுவி நழுவிப் போய், மூன்று ஆவர்த்தனத்துக்கு ஒருமுறை சமத்தில் வந்து விழுகிறது. மிருதங்க நண்பனைக் கூப்பிட்டு ஒன்றும் சொல்லாமல் போட்டுக் காட்டினேன். அவன் கை தானாகத் தாளம் போட்டது; மூன்றாவது முறை சமத்தில் விழுந்ததும் தலையை ஆட்டினான். கிக் இல்லாத லாக் க்ரூவாக இருக்க வேண்டும், லோ முழுக்க மூடியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெறும் சத்தம்.

இரண்டு எச்சரிக்கை. ஒரே பள்ளத்தில் ஊசி நெடுநேரம் சுற்றினால் பள்ளம் தேயும். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் விடுவதில்லை. இருட்டில் சரியான வட்டத்தில் ஊசியை இறக்குவது சுலபமில்லை. தட்டின் நடு லேபிளில் ஒரு சின்ன ஸ்டிக்கரும், டர்ன்டேபிள் பக்கத்தில் கழுத்து வளையும் ஒரு எல்இடி விளக்கும் (ரூ.350) அவசியம். மலிவான ப்ரீஆம்பில் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வந்தது. டர்ன்டேபிளின் எர்த் வயரை மிக்ஸரின் எர்த் திருகோடு சேர்த்ததும் போய்விட்டது.

கடப்பா கல்

மூன்று ஊசிகளும் எப்போதும் தட்டின் மேலேயே இருந்தால் ஃபீட்பேக் பெரிய தலைவலி. ஸ்பீக்கரின் அடி மேஜை வழியாக ஏறி ஊசிக்கு வந்து, மறுபடி ஸ்பீக்கருக்குப் போய் ஊளையிடும். வீட்டில் பலகை மேஜையிலேயே வந்தது. வளசரவாக்கத்தில் ஒரு கல் கடையில் 20-க்கு 16 அங்குலத்தில் 18 மில்லிமீட்டர் கனக் கடப்பா கல் மூன்று வெட்டி, ஓரம் தேய்த்து வாங்கினேன். ஒன்று ரூ.380. ஒவ்வொன்றும் சுமார் 10 கிலோ. அதன் கீழே நாலு மூலைக்கும் தெருவில் கிரிக்கெட் ஆடுகிற டென்னிஸ் பந்து; பந்து உருளாமல் இருக்க இரண்டு அங்குல பிவிசி குழாயை ஒரு அங்குல உயரத்துக்கு அறுத்த வளையம்.

அளந்த விதம்: நிற்கிற தட்டின் மேல் ஊசியை வைத்து, மேஜையை விரல் முட்டியால் ஒரே இடத்தில் தட்டி, லேப்டாப்பில் அளவைப் பார்த்தேன். கல் இல்லாமல் −18 டெசிபல், கல்லும் பந்தும் வைத்தபின் −34 (எண் கீழே போகப் போக அதிர்வு குறைவு). முழு பந்து அதிகமாக ஆடுகிறது. தட்டை விரலால் தள்ளும்போது மொத்த மெஷினும் நகர்ந்தது. பந்தைப் பாதியாக அறுத்துக் கவிழ்த்ததும் ஆட்டம் நின்றது, அளவு −31-க்கு வந்தது. அந்த மூன்று டெசிபலை விட்டுக்கொடுப்பதில் நஷ்டமில்லை.

அன்றிரவு

கல் மூன்றையும் ஆட்டோவில் ஏற்றிப் போனேன். இடம் சின்னது, கான்கிரீட் கூரை, ஸ்பீக்கர் மேஜைக்கு நேர் கீழே. சவுண்டு பார்க்கும் அண்ணன் செக் பண்ணும்போதே, “தம்பி, கீழ ரொம்ப வருது, மொத்தமா வெட்டிடட்டுமா?” என்றார். “அண்ணா, 40-க்குக் கீழ மட்டும் எடுத்துருங்க, 50 எனக்கு வேணும்” என்றேன். அவர் அப்படியே செய்து, ஸ்பீக்கரையும் மேஜையிலிருந்து ஆறு அடி தள்ளி வைத்தார். நாலு குமிழ் திருகுவதைவிட அந்த ஆறு அடி பெரிய உதவி.

நாற்பதாவது நிமிடம் வாக்கில் ஒரு ‘தரை’ தட்டைப் போட்டு, இரண்டாவது தடவை ஊசியைத் திரும்ப எடுத்து வைத்து, பதினோரு நிமிடம் நிற்க வைத்தேன். மேலே கூட்டாளிகள் மூன்று முறை மாறின. மூன்றாவதை எடுத்து லூப்பைத் தனியாக விட்டபோது முன்வரிசையில் கை உயர்ந்தது. செட் முடிந்ததும் ஒரு பையன் வந்து, “அண்ணா, நடுவுல புதுசா ஒண்ணு ஆரம்பிச்சீங்களே, அது என்ன தட்டு?” என்று கேட்டான். பதினோரு நிமிடமாக ஓடிக்கொண்டிருந்த அதே தட்டுதான். உறையை எடுத்துக் காட்டினேன், போட்டோ எடுத்துக்கொண்டான். இத்தனை மாத வேலைக்கு அந்த ஒரு கேள்வி போதும்.

எடுபடாதது மூன்றுக்கு நாலு லாக் க்ரூ. வீட்டில் கணீரென்று கேட்டது, அந்தக் கான்கிரீட் அறையின் எதிரொலியில் வெறும் கலகலப்பாகிவிட்டது. ஆறு ஆவர்த்தனத்திலேயே, இரண்டாம் சமத்தில், எடுத்துவிட்டேன். அதற்குத் துணி, திரை, நிறைய மனிதர்கள் உள்ள உலர்ந்த அறை வேண்டும். இனிமேல் செக் நேரத்தில் ஒரு கைதட்டு தட்டி எதிரொலியைக் கேட்டுவிட்டுத்தான் அந்தத் தட்டைப் பெட்டியிலிருந்து எடுப்பேன்.

அடுத்து மாற்றப் போவது

30 கிலோ கல்லைத் தூக்குவது முதுகுக்கு ஆகாது. மேலே 12 மில்லிமீட்டர் கல்லும் கீழே ரப்பர் பாயும் வைத்து அதே முட்டித் தட்டுச் சோதனையைச் செய்து பார்க்கப் போகிறேன். −28 வரை வந்தால் அதுவே போதும். அட்டைகள் இருட்டில் படிக்க முடியவில்லை, கறுப்பு மார்க்கரில் எழுத்தைப் பெரிதாக்க வேண்டும். மழைக்காலத்தில் உறைகளில் பூஞ்சை வருகிறது. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை மாதம் ஒருமுறை மாற்றினால் நிற்கிறது.

பெரிய மாற்றம் இரண்டாம் பிரதி. ஒரு ‘குரல்’ தட்டு மட்டும் தற்செயலாக என்னிடம் இரண்டு இருக்கிறது. இரண்டையும் சேர்த்து ஓடவிட்டு, ஒன்றை ஒரு பீட் தள்ளி வைத்தால் ஒரு குரல் கேட்க, இன்னொன்று பதில் சொல்கிறது. மூன்று பீட் தள்ளினால் பதில் முந்திக்கொள்கிறது. ஒரே இடத்தில் வைத்து நடுத்தண்டை மயிரிழை திருகினால் ஒலி முழுவதும் சுழன்று திறந்து மூடுகிறது. எந்தப் பெட்டியும் தராத சுழற்சி, அந்தத் தட்டின் ஒலியாலேயே ஆனது. செட்டில் ஐந்து நிமிடம் இதை மட்டும் செய்தேன்.

எஃபெக்ட்ஸ் பெட்டியை ரூ.9,000-க்கு விற்றுவிட்டேன். அந்தப் பணத்தில் நாலு தட்டுக்கு ஆர்டர் போட்டிருக்கிறேன். நாலும் ஏற்கெனவே என்னிடம் இருப்பவை.